நேரமில்லாதவர்களின் தியான வேளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து டீயும் சுண்டலும் வரும்போதுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். "ஐயர்கிட்ட கேட்க வெட்கமா இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்). சுற்றி வளைத்து எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: தனி ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் நேரம் கிடைப்பதில்லை. அப்படிக் காதில் விழுந்த கேள்விகளையும், என் அறிவுக்கு எட்டிய பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் புழங்குகிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

அதிகாலை 4 மணிக்கு எழுந்தால்தான் ஜெபமா? எங்கள் சபையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு கட்டளை வேதத்தில் இல்லை. இயேசு "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று மாற்கு 1:35 சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் தனியே எடுத்துப் பிரசங்கிக்கிறார்கள். முன்னும் பின்னும் வாசிப்பதில்லை. முந்தின நாள் சூரியன் அஸ்தமித்த பிறகு பட்டணத்தார் எல்லாரும் அவர் இருந்த வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். மறுநாள் சீமோன் பின்னாலேயே போய், "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். கப்பர்நகூமில் அவரை யாரும் தேடாத வேளை அந்த ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டார். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அன்று சாயங்காலத்தில் மலையேறினார் (மத்தேயு 14:23). பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுப்பதற்கு முந்தின இரவு முழுவதும் ஜெபித்தார் (லூக்கா 6:12). கடிகாரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. தனிமை மட்டும் மாறவில்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன் சபைக் கோயில் மணி அடிக்கிற வழக்கம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஊர்களில் பனையேறப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் எப்படியும் அந்த நேரத்தில் எழுந்தாக வேண்டும். இரவு எட்டரைக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். ஓ.எம்.ஆரில் வேலை முடித்து பதினொன்றரைக்கு கேபில் வந்து இறங்குகிறவரிடம் போய் அதே 4 மணியைச் சொல்வது நியாயமில்லை. "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்பதும் வேதவசனம்தான் (சங்கீதம் 127:2). இதை வைத்து யாரும் உபவாச ஜெபத்தில் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் சொன்னாலும், உங்கள் உடம்பு ஒத்துழைத்தால் அதிகாலையை விட நல்ல வேளை கிடையாது. போன் அடிக்காது, பிள்ளை எழுந்திருக்காது. ஆனால் 4 மணிக்கு எழுவது முந்தின இரவு 9 மணிக்கே தீர்மானமாகிற காரியம். உங்கள் வீட்டில் 9 மணிக்கு விளக்கணைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு மணி நேரம் என்று சொல்கிறார்களே?

"ஒரு மணிநேரமாவது" விழித்திருக்கக்கூடாதா என்று கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் சீஷர்களிடம் கேட்டதிலிருந்து அந்தக் கணக்கு வந்தது. அது அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு. தினசரி அட்டவணை போடுகிற சந்தர்ப்பமல்ல. அதோடு, "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அடுத்த மூச்சிலேயே சீஷர்களுக்காக அவரே பரிந்து பேசியிருக்கிறார்.

ஆதிச் சபையார் கடைப்பிடித்த அளவு மிகவும் எளியது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'டிடாக்கே' என்ற போதனைச் சுருக்கம், கர்த்தருடைய ஜெபத்தைக் கொடுத்துவிட்டு, நாளொன்றுக்கு மூன்று முறை இப்படி ஜெபியுங்கள் என்று முடித்துவிடுகிறது. பரமண்டல ஜெபத்தை எவ்வளவு நிறுத்திச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடிமைகளும் கூலியாட்களும் நிறைந்திருந்த சபைக்கு அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பதினைந்து நிமிடம். அதைத் தாண்டிப் போகும் நாட்களில் போகட்டும்.

பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது? ஐந்தாவது நிமிடத்திலேயே சொல்ல வேண்டியது தீர்ந்துவிடுகிறது.

பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு முடிவெட்டி முகச்சவரம் செய்தவர் பீட்டர் பெஸ்கென்டார்ஃப் என்கிற விட்டன்பெர்க் ஊர்க்காரர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டார். 1535-இல் லூத்தர் அவருக்குப் பதிலாக ஒரு நீண்ட கடிதம் எழுதி அச்சிலும் கொடுத்தார். நாள் முழுக்க சலூனில் நிற்கிற ஒரு தொழிலாளிக்கு எழுதியது என்பதால் நமக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும். "கொஞ்சம் பொறு, இந்த வேலையை முடித்துவிட்டு ஜெபிக்கலாம்" என்று மனம் சொல்லும், அதை நம்பாதே என்று எச்சரிக்கிறார். பிறகு பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நான்கு இழையாகப் பிரித்துக் காட்டுகிறார்: இதில் எனக்கு என்ன போதனை, எதற்கு நன்றி சொல்ல, எதை அறிக்கையிட, எதை வேண்டிக்கொள்ள.

எந்த வசனத்தையும் இப்படிப் பிரிக்கலாம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

போதனை: 'இன்று' என்று கேட்கச் சொல்கிறார். வருடக் கடைசி வரைக்கும் கணக்குப் போட்டுக் கவலைப்படுகிற என் புத்திக்கு அதுவே ஒரு பாடம். நன்றி: காலையில் பால் பாக்கெட் வாசலுக்கு வந்தது, கேஸ் தீரவில்லை, நேற்றைய குழம்பு கெடவில்லை. இவ்வளவு சில்லறையாக நன்றி சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அறிக்கை: உப்பு கூடிவிட்டது என்று நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டது; வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை ஒன்றாம் தேதி கொடுக்காமல் பத்தாம் தேதி வரைக்கும் இழுத்தது. அவர்கள் வீட்டு ஆகாரமும் இந்த ஜெபத்தில் 'எங்களுக்கு' என்பதற்குள்தானே வருகிறது? வேண்டுதல்: வேலை போன மச்சான், கடன் வாங்கிக் கடை போட்டிருக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி.

ஒரே ஒரு வரிதான். நிதானமாகப் போனால் பதினைந்து நிமிடம் பற்றாது. நான்கில் ஓர் இழையிலேயே மனம் நின்றுவிட்டால் அங்கேயே இருக்கலாம், மற்றதை விட்டுவிடலாம் என்பதும் லூத்தரின் யோசனைதான்.

காலை ஐந்து மணிக்கு அடுப்படிக்குள் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வெளியே வருகிறேன். நடுவில் ஆபீஸ் வேறு. நான் எங்கே தியானம் செய்ய?

இந்தக் கேள்வியை அக்காமாரும் மதினிமாரும் மட்டுமே கேட்கிறார்கள். ஆண்கள் கேட்பதில்லை. அதிலேயே பாதி பதில் இருக்கிறது. பல வீடுகளில் அண்ணன் ஆறரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாக வேதம் வாசிப்பார். அந்த அமைதியை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டு அண்ணி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். இந்த வீட்டில் குறைவது நேரமா, பங்கீடா?

இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் வேலையில் அலைய, தங்கை மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்ட கதையைச் சொல்லிப் பெண்களைக் கடிந்துகொள்வது நம் பிரசங்கங்களில் சகஜம். "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றாரே தவிர, சமைத்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் அன்று சாப்பிட வந்திருந்த ஆண்கள் ஒருவரும் எழுந்து கைகொடுத்ததாகவும் லூக்கா எழுதவில்லை. யோவான் 21-இல் பாருங்கள்: இராமுழுவதும் வலை போட்டுக் களைத்து வந்த சீஷர்களுக்குக் கரையில் கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் தயாராக இருக்கின்றன. உயிர்த்தெழுந்த ஆண்டவரே காலைச் சாப்பாடு செய்து வைத்திருக்கிறார். அதன் பிறகுதான் பேதுருவிடம் பேச்சு.

ஆகவே அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் நான்கு நாளாவது காலை இருபது நிமிடம் அடுப்படியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். டிபன் பாக்ஸ் கட்டுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, பிள்ளையை எழுப்பிப் பல்துலக்க வைப்பது. இதற்கு வரம் எதுவும் வேண்டாம்.

கைக்குழந்தை இருக்கிற தாய்மாருக்கு வேறு பதில்: அந்த ஒன்றிரண்டு வருடங்களுக்கு ஒழுங்கான தியான வேளை அமையாது. பால் கொடுக்கிற நேரத்தில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சொல்லுங்கள். 23, 121 இரண்டும் சண்டே ஸ்கூலில் படித்தது மறந்திருக்காது.

எனக்கு நைட் ஷிப்ட். காலை எது, மாலை எது என்றே தெரியாமல் போகிறது.

நர்ஸ், செக்யூரிட்டி, கால் சென்டர், ரயில்வே என்று இந்தக் கேள்விக்காரர்கள் நிறையப் பேர். ஆதியாகமத்தில் நாள் தொடங்குவதே இருட்டிலிருந்துதான்: "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று." உங்கள் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எழும்போது ஆரம்பிக்கிறது என்றால், அதுதான் உங்கள் அதிகாலை. டியூட்டிக்குக் கிளம்புமுன் வாசியுங்கள். ஷிப்ட் முடிந்து வந்து, கண் எரிய எரிய உட்கார வேண்டாம்.

உங்களுக்கென்றே ஒரு சங்கீதமும் இருக்கிறது. 134. மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று இரவு டியூட்டியில் நிற்கிறவர்களைப் பார்த்துத்தான் பாடுகிறது. வார்டில் இரண்டு மணி ரவுண்டு முடிந்து நாற்காலியில் உட்காரும் ஒரு நிமிடத்துக்கு அது போதும்.

ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறினால் நேரத்தைக் குறிக்காமல் செயலைக் குறித்துக்கொள்ளுங்கள். "எழுந்து முகம் கழுவியவுடன்" என்பது எந்த ஷிப்டிலும் வரும். "ஆறு மணிக்கு" என்பது வராது.

பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் ஜெபிப்பது மரியாதைக் குறைவாகாதா?

எத்தியோப்பிய மந்திரி பயணத்தில், ரதத்தில் உட்கார்ந்துதான் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார் (அப்போஸ்தலர் 8). பிலிப்பு வந்து ஏறிக்கொண்டதும் அங்கேதான். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் உட்கார இடம் கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்? நின்றுகொண்டு போனால் ஒலி வேதாகமம் கேட்கலாம். பைக் ஓட்டுகிறவர்கள் காதில் எதுவும் மாட்டாமல் ரோட்டைப் பாருங்கள்.

நெகேமியாவையும் இங்கே சொல்வார்கள். பெர்சிய ராஜா அர்தசஷ்டா, தன் பானபாத்திரக்காரனான அவனிடம், "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிடுகிறான். கண நேர ஜெபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் முதல் அதிகாரத்தையும் பாருங்கள். கிஸ்லேவு மாதத்தில் உபவாசித்து அழுது ஜெபிக்கத் தொடங்கியவன் நிசான் மாதத்தில்தான் ராஜாவுக்கு முன் நிற்கிறான். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்த ஒரு நொடி ஜெபத்துக்குப் பின்னால் அவ்வளவு தனி ஜெபம் இருக்கிறது. பஸ் ஜெபம் மட்டுமே போதும் என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

போனில் வேதம் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். ஆனால் டேட்டாவை அணைத்துவிட்டு. இரண்டாம் வசனத்தில் ஸ்விகி தள்ளுபடி, ஐந்தாம் வசனத்தில் குடும்ப குரூப், ஒன்பதாம் வசனத்தில் நீங்களே மறந்து இன்ஸ்டாகிராமில் இருப்பீர்கள். முடிந்தவர்கள் தாள் வேதாகமத்துக்கே திரும்புங்கள். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற பூப்போட்ட வாக்குத்தத்த வசனத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவது வேத வாசிப்புக் கணக்கில் சேராது.

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் வாசிக்க ஆசை. ஒவ்வொரு வருடமும் லேவியராகமத்தில் நின்றுபோகிறது.

நிறையப் பேருடைய வண்டி அங்கேதான் நிற்கிறது, பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில். மொத்தம் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு. ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-இல் தன் சபையாருக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாளுக்கு நான்கு அதிகாரம் வரைக்கும் போகும். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும் புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். ஓய்வு பெற்றவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடிகிறது. சனிக்கிழமை விட்டதைப் பிடிக்க, ஞாயிறு ஆராதனைக்கு. விடுபடுவதற்கு இடம் வைத்துப் போட்ட திட்டம்தான் டிசம்பர் வரைக்கும் தாங்கும்.

குடும்ப ஜெபத்துக்கு எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்க முடியவில்லை. பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

நாம் வளர்ந்த குடும்ப ஜெபம் நினைவிருக்கிறதா? பாய் விரித்து, கீர்த்தனை ஒன்றை எல்லாச் சரணமும் விடாமல் பாடி, ஒரு முழு அதிகாரம் சுற்றி வாசித்து, தாத்தா ஜெபிக்க ஆரம்பித்தால் சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா குடும்பம் தொடங்கி மிஷனெரிகள் வரைக்கும் போய் வருவார். ஆமென் சொல்லும்போது பாதிப் பேர் பாயிலேயே தூங்கியிருப்போம். அந்த நீளம் இன்றைய வீட்டில் நடக்காது. இரவு எட்டு மணிக்கு ஒருவர் டியூஷனில், ஒருவர் ஜூம் மீட்டிங்கில்.

பத்து நிமிடத்துக்குக் குறையுங்கள். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். பசி இருந்தால் எல்லாரும் நேரத்துக்கு வருவார்கள், நீட்டவும் மாட்டார்கள். பாட்டில் ஒரு சரணம். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம், அதையும் சின்னவர் வாசிக்கட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. ஆளுக்கொரு வரி ஜெபம். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் என்று வைத்து அந்த மூன்றை விடாதீர்கள்.

முக்கியமாக, ஜெபத்தில் பிள்ளைகளுக்கு அட்வைஸ் செய்யாதீர்கள். "ஆண்டவரே, இவன் போனை வைத்துவிட்டுப் படிக்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும்" என்பது பிள்ளை காதில் விழ ஆண்டவரைச் சாக்காக வைத்துப் பேசுவது. பதினான்கு வயதுக்காரனுக்கு அது உடனே புரியும். முகம் சுளிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கண்ணை மூடினால் ஆபீஸ் ஞாபகம், இல்லாவிட்டால் தூக்கம்.

பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். கரண்ட் பில் ஞாபகம் வந்தால் எழுதிவிட்டுத் திரும்புங்கள். தூக்கம் வந்தால் மொட்டை மாடியில் நடந்துகொண்டே, வாய்விட்டு ஜெபியுங்கள். அந்தக் கடிதத்தில் லூத்தர் தன் முடிதிருத்துநருக்கு அவர் தொழிலையே காட்டுகிறார்: கத்தியிலும் முடியிலும் கண்ணை வைக்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ அறுபட்டுவிடாதா என்கிறார்.

எழுதி வைத்த ஜெபத்தைப் பார்த்து வாசித்தால் அது ஜெபமாகுமா?

ஏன் ஆகாது? சங்கீதங்கள் எல்லாம் எழுதி வைத்த ஜெபங்கள்தான். களைத்துப் போன நாளில் சொந்தமாக வார்த்தை தேடுவது பெரிய பாடு. கத்தோலிக்க உறவினர்கள் காலை, நண்பகல், மாலை என்று மணியடிக்கும்போது மூவேளை ஜெபம் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும், நாள் மூன்று இடத்தில் நிற்கும். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்கிற 55-ஆம் சங்கீதமும் இதைத்தான் சொல்கிறது. நம் ஆராதனை முறைமைப் புத்தகத்தில் இருக்கும் பாவ அறிக்கை ஜெபத்தை வீட்டில் ஒரு முறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேகத்தில் தவறவிட்ட வரிகள் தட்டுப்படும்.

சபையில் பாடகர் குழு, சண்டே ஸ்கூல், கமிட்டி எல்லாம் பார்க்கிறேன். அதுவே தியானம் ஆகாதா?

"உண்மையாய் உழைக்கிறவன் இரண்டு மடங்கு ஜெபிக்கிறான்" என்ற பழமொழியை லூத்தர் ஏற்றுக்கொண்டுதான் எடுத்துக் காட்டுகிறார். கையோடு ஒன்றும் சொல்கிறார்: அவசியமில்லாத வேலைகளை அவசியம் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு மெய்யான ஜெபப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. கமிட்டிக்காரர்கள் இரண்டாவது பாதியை வாசித்தால் போதும்.

மாற்கு 6-இல் சீஷர்கள் ஊழியம் முடித்துத் திரும்பி வருகிறார்கள். சாப்பிடக்கூட அவர்களுக்குச் சமயமில்லை. ஆண்டவர் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கவில்லை. "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்கிறார். படகில் போய் இறங்கினால் ஜனங்கள் கரைவழியாக ஓடி முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். ஓய்வு அன்று கிடைக்கவில்லை. அவர் மனதுருகி உபதேசிக்கத் தொடங்கினார். ஆனால் அன்று சாயங்காலமே சீஷர்களைப் படகில் அனுப்பிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தனியே மலைக்குப் போனார். காலையில் கெட்டுப்போன தனிமையைச் சாயங்காலம் மீட்டுக்கொண்டார்.

பல நாள் விட்டுப்போகிறது. திரும்ப ஆரம்பிக்கக் குற்றவுணர்வாக இருக்கிறது.

விட்ட நாளுக்கு வட்டி கட்ட வேண்டாம். இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். உடம்பு முடியாமல் விட்டிருந்தால் முதலில் தூங்குங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் கொண்டு வந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், படுத்தான், மறுபடியும் சாப்பிட்டான். ஆண்டவர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

வருகிற புதுவருஷத்திலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டை வாங்கி, கேக் சாப்பிட்டு, வீடு வந்து படுக்க இரண்டு மணி ஆகும். விடிந்தால் விருந்தாளிகள். அதிகாலைத் தீர்மானம் எடுக்க வருடத்திலேயே மோசமான நாள் அது. ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் ஆரம்பியுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்; நாளுக்கு ஒன்று வைத்தால் மூன்றாவது வாரம் புதன்கிழமை முடிந்துவிடும். வியாழக்கிழமை லூக்காவைத் திறக்கலாம்.